கொடைக்கு வரி பிரிக்கத் தெரிந்த ஊருக்கு: வீடற்றோர் இல்லத்துக்குத் தோள் கொடுக்க ஒரு முழு வழிகாட்டி

திருநெல்வேலிச் சீமையில் கொடைக்கு, அதாவது ஊர்க்கோயில் திருவிழாவுக்கு, வரி பிரிக்கத் தெரியாத தெரு கிடையாது. அம்மன் கொடையோ சுடலைமாடன் கொடையோ, நாள் குறித்ததும் தலைக்கட்டுக்கு (குடும்பத்துக்கு) இவ்வளவு என்று பேசி முடித்து, நோட்டுப் போட்டு, வெளியூரில் இருப்பவர்களுக்கும் போன் அடித்து வாங்கிவிடுகிறோம். கொடை முடிந்த கையோடு மேளத்துக்கு எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று எழுதிக் கோயில் சுவரில் ஒட்டியும்விடுகிறோம். இவ்வளவு தெரிந்த ஊருக்குப் பணம் திரட்டும் வித்தையை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம்.

நமக்குப் பழக்கமில்லாதது மாதாமாதம் கொடுப்பது. வீடற்றோர் தங்கும் இல்லங்களில் இந்தக் குறை பளிச்சென்று தெரியும். பிறந்தநாளும் நினைவுநாளும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் மதியம் மூன்று வீட்டுப் பிரியாணி வந்து நிற்கும். அடுத்த புதன்கிழமை ராத்திரி பினாயில் இருக்காது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இருக்காது. தாமிரபரணியின் மேல் 1843-இல் திறந்த பாலத்துக்கு, கலெக்டர் ஊராரிடம் நன்கொடை திரட்ட நினைத்தபோது, கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தார் என்னும் தலைமை அலுவலராக இருந்த சுலோசன முதலியார் செலவு முழுவதையும் தானே ஏற்றுக்கொண்டார் என்பது நம் ஊர்ப் பெருமை. பாலத்தை ஒருமுறை கட்டினால் போதும். இல்லத்தை ஒவ்வொரு ராத்திரியும் நடத்தியாக வேண்டும். அதற்கு ஒரு முதலியார் போதாது, மாதம் தவறாத நூறு வீடு வேண்டும். அந்த நூறு வீட்டைச் சேர்ப்பதும், பத்துப் பதினைந்து தன்னார்வலர்களை விட்டுப்போகாமல் வைத்துக்கொள்வதும் எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி.

1. எந்த இல்லம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

வீடற்றோர் இல்லம், முதியோர் இல்லம், குழந்தைகள் காப்பகம், மனநலக் காப்பகம் நான்கும் வேறு வேறு. நான்குக்கும் தனித்தனி விதிமுறை, தனித்தனி அனுமதி. நாம் இங்கே பேசுவது நகர்ப்புற வீடற்றோருக்கான தங்குமிடம் பற்றி. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் மாநகராட்சிகளும் நகராட்சிகளும் இவற்றை அமைத்தன. கட்டடம் உள்ளாட்சியுடையதாக இருக்கும், அன்றாடம் நடத்துவது பெரும்பாலும் ஒரு தொண்டு நிறுவனமாக இருக்கும்.

அந்த இயக்கத்தின் வழிகாட்டுதல் சொல்வது இது: 1 லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும்படி ஒரு இல்லம், ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி, ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நெல்லை மாநகராட்சியில் சுமார் 4.73 லட்சம் பேர். அந்தக் கணக்கிலேயே நான்கைந்து இல்லம் இருக்க வேண்டும். திருநெல்வேலி, தச்சநல்லூர், பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்று நான்கு மண்டலத்துக்கும் ஒன்றாவது இருக்கிறதா என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். இல்லையென்றால் கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். நாம் பணம் திரட்டுகிறோம் என்பதற்காக அரசின் கடமை குறைந்துவிடாது. இதைக் குழுவில் எல்லாரும் மனதில் வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

இல்லம் எது என்று தெரிந்ததும், கையில் எதுவும் எடுத்துக்கொள்ளாமல் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போய் உட்காருங்கள். பகலில் போனால் பாதிப்பேர் வேலைக்கோ வேறெங்கோ போயிருப்பார்கள். பொறுப்பாளரிடம் கேட்க வேண்டியவை: எத்தனை படுக்கை, பெண்களுக்குத் தனி இடமும் தனிக் கழிப்பறையும் உண்டா, ராத்திரிக் காவல் யார், கரண்ட் பில்லை யார் கட்டுகிறார்கள், மாநகராட்சிப் பணம் வரத் தாமதமானால் எதை நிறுத்துகிறார்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் உங்கள் வேலை இருக்கிறது.

தங்கியிருப்பவர்களிடமும் கேளுங்கள். ஜங்ஷன் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் சொன்னது: "அண்ணாச்சி, சோறு யாராவது தந்துருதாங்க. உடுத்துன சாரத்தைத் துவைச்சாக் காயுத வரைக்கும் உடுத்த மாத்துச் சாரம் இல்ல." ஆளுக்கு இரண்டு சாரம் (கைலி), ஒரு துண்டு, பெண்களுக்கு இரண்டு நைட்டி, உள்ளாடை, நாப்கின். எந்தப் பிறந்தநாள் பார்சலிலும் இவை வருவதில்லை.

2. பட்டியல் போடுங்கள், மாதக் கணக்கில்

தேவைகளை மூன்றாகப் பிரியுங்கள். மாதம் தவறாமல் தீர்வது: சோப்பு, பற்பசை, பினாயில், பிளீச்சிங் பவுடர், ஷேவிங் பிளேடு, நாப்கின், தேங்காய் எண்ணெய். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வாங்குவது: பாய், போர்வை, துணி, கொசுவலை. ஒரே முறை செய்வது: தண்ணீர்த் தொட்டி, கழிப்பறைக் கைப்பிடி, சாய்தளம், வாஷிங் மெஷின். இந்த மூன்றாவது வகையில் பெரிய கட்டட வேலை வந்தால் 'நமக்கு நாமே' திட்டத்தைக் கேட்டுப்பாருங்கள். மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும் திட்டம் அது.

போர்வையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறேன். கம்பளி கொடுக்க எல்லாருக்கும் ஆசை. ஆனால் நம் ஊர் வெக்கைக்குக் கம்பளி வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அதைத் துவைத்தால் மூன்று நாளானாலும் காயாது, வாடை பிடித்துவிடும். மெல்லிய பருத்திப் போர்வைதான் சரி, அதுவும் ஆளுக்கு இரண்டு. ஒன்று கொடியில் கிடக்கும்போது ஒன்று மேலே இருக்க வேண்டும். பாயும் அப்படித்தான். பத்தமடைப் பக்கத்துக் கோரைப்பாய் உடம்புக்கு இதம், ஆனால் தினம் தண்ணீர் ஊற்றிக் கழுவும் இடத்தில் சீக்கிரம் இற்றுப்போகும். படுக்கையில் சிறுநீர் கழித்துவிடும் முதியவர்களுக்கு ரெக்சின் உறை போட்ட மெத்தையும், மற்றவர்களுக்குக் கோரைப்பாயும் என்று பிரித்து வாங்குங்கள்.

போர்வை குறைந்தால் வந்து சேருவது சிரங்கு. ஒருவருக்கு வந்தால் பக்கத்துப் படுக்கைக்கு வராமல் இருக்காது. ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. மருத்துவர் சொல்லும் பெர்மெத்ரின் களிம்பை எல்லாரும் ஒரே ராத்திரியில் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கத் தடவ வேண்டும், மறுநாள் காலையில் எல்லாத் துணியையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடியும் அதையே செய்ய வேண்டும். இதற்கு ஒரே நாளில் பத்துத் தன்னார்வலர், ஆளுக்கொரு மாற்றுத் துணி, அடுப்பு, பெரிய அண்டா வேண்டும். இப்படி ஒரு நாளைத் திட்டமிட்டு நடத்திவிட்ட குழுவுக்கு மற்ற வேலையெல்லாம் எளிதுதான்.

3. பணம் யார் கையில்?

இங்கே இடறினால் எல்லாம் போய்விடும். யாருடைய சொந்த யுபிஐ எண்ணுக்கும் பணம் வாங்காதீர்கள். எவ்வளவு நேர்மையான ஆளாக இருந்தாலும், வீட்டுச் செலவும் இல்லத்துச் செலவும் ஒரே கணக்கில் ஓடினால் ஆறு மாதத்தில் அவருக்கே குழம்பும், ஊருக்குச் சந்தேகம் வரும்.

தொடங்கியதும் அறக்கட்டளை பதிய ஓட வேண்டாம் என்பது என் கருத்து. அறக்கட்டளையாகவும் பதியலாம், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் சங்கமாகவும் பதியலாம். பதிந்தபின் ஆண்டுதோறும் தணிக்கை, வருமானவரிப் படிவம், கூட்டக் குறிப்பு என்று வேலை கூடிக்கொண்டே போகும். முதல் ஆண்டுக்கு இரண்டு வழி போதும். ஒன்று, இல்லத்தை நடத்தும் பதிவுபெற்ற நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலேயே நன்கொடையாளர்கள் நேராகக் கட்டுவது. இன்னொன்று, பணமே கைமாறாமல் பொருளாக வாங்கிக் கொடுப்பது. மருந்துக்கடையில், பலசரக்குக் கடையில் 'இல்லம்' என்று ஒரு பற்றுக் கணக்குத் தொடங்குங்கள். பொறுப்பாளர் பட்டியல் அனுப்புவார், கடைக்காரர் சரக்கு அனுப்புவார், இந்த மாதம் முறை வந்த வீடு கடைக்கே பணம் கட்டும். பில் எல்லாருக்கும் போகும். சிறிய குழுவுக்கு இதைவிடச் சுத்தமான வழி இல்லை.

குழுவுக்கென்று கணக்குத் தொடங்கும் காலம் வந்தால் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வங்கியில் எழுதிக் கொடுங்கள். அந்த இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது.

வரிச்சலுகை பற்றிக் கேள்வி வரும். 80ஜி என்று எல்லாரும் சொல்லும் சலுகை, அந்தப் பதிவு உள்ள நிறுவனத்துக்குக் கொடுத்தால்தான் கிடைக்கும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடைக்காது. அரிசி, துணி என்று பொருளாகக் கொடுத்ததற்குக் கிடைக்காது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்த சம்பளக்காரருக்கும் கிடைக்காது. 2025-ஆம் ஆண்டின் புதிய வருமானவரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருப்பதால் ரசீது அடிக்கும் முன் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் இன்னும் கவனம் வேண்டும். நம் சீமையில் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சவூதியிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவராகவே இருந்தாலும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை கையில் இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு உள்ள நிறுவனம், டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்று தொடங்கிய கணக்கில் மட்டுமே அதை வாங்கலாம். அப்படிப்பட்டவர்களிடம், இங்கே உள்ள தம்பியோ அக்காவோ தங்கள் சொந்தப் பணத்தில் சேரட்டும் என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

4. வரி பிரிப்பது

தலைக்கட்டுக்கு மாதம் 200 ரூபாய். நூறு வீடு சேர்ந்தால் மாதம் 20,000, ஆண்டுக்கு 2,40,000. சோப்பு, பினாயில், துணி, மருந்து, ஆட்டோக் கூலி எல்லாவற்றுக்கும் இது தாங்கும். 5,000 ரூபாய் கொடுக்க ஒருவர் முன்வந்தால் வாங்குங்கள். ஆனால் அவரிடமும் மாதம் 200 கேளுங்கள். பெரிய தொகை அடுத்த ஆண்டு வராமல் போகலாம். மாதம் 200 கொடுக்கும் வீடு விட்டுப்போவது அபூர்வம்.

பத்து வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர் வையுங்கள். அவர் அதே தெருக்காரராக இருக்க வேண்டும். சம்பளம் வந்த கையோடு, மாதம் 5-ஆம் தேதிக்கும் 10-ஆம் தேதிக்கும் நடுவில் ஒரே ஒரு முறை நினைவூட்டினால் போதும். கொடுக்க முடியாத மாதம் வந்தால் "அடுத்த மாசம் பார்த்துக்கலாம் அக்கா" என்று விட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கொடுத்தவர் பெயர்ப் பட்டியல் போடாதீர்கள். கொடுக்காதவர் பெயர் அதில் தானாகவே தெரிந்துவிடும்.

வழிபாட்டுத் தலங்களின் வழியாகவும் வரும். கோயில் கொடையில் மிஞ்சும் கையிருப்பில் ஒரு பங்கை இல்லத்துக்கு என்று ஊர்க்கூட்டத்தில் பேசலாம். கிறிஸ்தவ சபைகளில் அசனப் பண்டிகை என்ற பொது விருந்து முடிந்ததும் மூட்டை பிரிக்காத அரிசியும் பருப்பும் மிஞ்சுவதுண்டு, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வரும் காய்கறிகளும் உண்டு. குருவானவரிடமோ சபைக் கமிட்டியிடமோ பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே கேட்டுவையுங்கள். பள்ளிவாசல் ஜமாத்தில் ஜகாத் பணம் கேட்டால், அது யாருக்குச் சேரலாம் என்று மார்க்கம் வகுத்த வரையறை உண்டு. உரிய ஆட்களின் மருந்துக்கும் துணிக்கும் போனதற்குத் தனிக் கணக்கு வையுங்கள், அந்தப் பணத்தில் சுவருக்கு வெள்ளையடிக்காதீர்கள். நோன்பு மாதத்தில் கஞ்சி காய்ச்சும் பள்ளிவாசலிலிருந்து தினம் ஒரு வாளி வாங்கி வர ஒரு இளைஞரை ஏற்பாடு செய்தாலே பெரிய காரியம்.

ஆனித் தேரோட்டத்தில் ரத வீதியில் உண்டியல் குலுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம் என்பேன். போலீஸ் அனுமதி வாங்க வேண்டும், கூட்டத்தில் பிள்ளைகள் நசுங்குவார்கள், யார் கொடுத்தது என்று தெரியாத சில்லறைக்கு ரசீதும் கிடையாது. அதே உழைப்பில் இருபது வீட்டுக் கதவைத் தட்டினால் அந்த இருபது வீடும் ஆண்டு முழுக்க வரும். புத்தகத் திருவிழா மாதிரி இடங்களில், அனுமதி கிடைத்தால், ஒரு மேசை போட்டு மாதச் சந்தாவுக்குப் பெயர் எழுதுவது பலன் தரும். பள்ளி, கல்லூரியில் பழைய துணி திரட்டுவதானால் துவைத்து மடித்தது, அளவு எழுதியது, கிழியாதது என்று மூன்று நிபந்தனை போடுங்கள். 2017-இல் நெல்லையில் மாவட்ட நிர்வாகம் தொடங்கிய 'அன்புச் சுவர்' வேண்டாததை வைத்துவிட்டுப் போகவும் வேண்டியதை எடுத்துக்கொள்ளவும் நமக்குப் பழக்கிக் கொடுத்தது. ஆனால் இல்லத்துக்கு நாம் வேண்டாம் என்று ஒதுக்கியது பயன்படாது. பட்டியலில் உள்ளதுதான் வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் வரி என்றாலே சமுதாயம் வாரியாகப் பிரிப்பதுதான் வழக்கம். இதில் அது கூடவே கூடாது. குழுவுக்கு எந்தச் சாதிச் சங்கத்தின் பெயரும் வேண்டாம், தங்கியிருப்பவரிடம் "எந்த ஊரு, யாரு மக்க?" என்று துருவவும் வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பயந்தே ஊரைவிட்டு வந்தவர்கள் அங்கே படுத்திருக்கலாம். சமையலுக்கு யார், தண்ணீர் எடுக்க யார் என்பதில் சாதி நுழைவதைப் பார்த்தால் அன்றைக்கே குழுவில் பேசித் தீர்த்துவிடுங்கள்.

5. சாப்பாடு

கல்யாண மண்டபத்தில் மிஞ்சியதை இல்லத்துக்கு அனுப்புவது நல்ல எண்ணம்தான். ஆனால் சமைத்த சாப்பாடு சூடாக, 60 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் கெடாமல் நிற்கும். அடுப்பைவிட்டு இறக்கி ஆறிப்போய் இரண்டு மணி நேரம் தாண்டியதை வாங்காதீர்கள். நம் ஊர் மறுவீட்டு விருந்தின் சொதி தேங்காய்ப்பால். மதியம் ஊற்றியது சாயங்காலம் நுரை கட்டிவிடும். சொதி, பாயசம், தயிர்ப்பச்சடி, தேங்காய்ச் சட்னி இவற்றை ராத்திரிச் சாப்பாட்டுக்கு வாங்குவதே இல்லை என்று மண்டபத்துக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெறும் சோறு, கொதிக்கவைத்த சாம்பார், ரசம், அப்பளம் சரி. எத்தனை மணிக்கு இறக்கியது என்று பாத்திரத்தில் சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். மிஞ்சிய உணவைப் பகிர்ந்து கொடுப்பதற்கென்றே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் விதிமுறை வெளியிட்டிருக்கிறது. தொடர்ந்து செய்யும் குழு அதன்படி பதிந்துகொள்வது நல்லது.

பிறந்தநாள் சாப்பாடு தருவேன் என்பவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். இல்லத்தில் ஒரு காலண்டர் தொங்கவிட்டு, காலியாக உள்ள செவ்வாய், புதன் ராத்திரிகளைக் காட்டுங்கள். பிரியாணிக்குப் பதில் இட்லி கேளுங்கள். பல் இல்லாதவர்களும் சர்க்கரை நோயாளிகளும் அங்கே நிறைய.

6. ஆட்கள்

தன்னார்வலர் என்றதும் ஐம்பது பேர் பெயர் கொடுப்பார்கள். மூன்றாவது வாரம் ஏழு பேர் வருவார்கள். அந்த ஏழு பேரை நம்பித்தான் வேலையைப் பிரிக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு மணி நேரம், அதே நாள், அதே நேரம். "எப்ப முடியுமோ அப்ப வாரேன்" என்பவருக்கு நன்றி சொல்லி, மாத வரிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை உண்டு. பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. திட்ட அலுவலரைப் பார்த்து, ஒரு நாள் முகாமுக்கு எண்பது பேரை அனுப்புவதைவிட, வாரம் நான்கு பேரை ஆண்டு முழுக்க அனுப்பும்படி கேளுங்கள்.

வேலைகளில் முதல் இடம் ஆஸ்பத்திரித் துணைக்கு. ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் காலையில் வரிசையில் நின்று சீட்டு வாங்க, எக்ஸ்ரேவுக்குத் தள்ளுவண்டி தள்ள, மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்ல, வார்டில் சேர்த்தால் கூட இருக்க ஓர் ஆள் வேண்டும். யாருமற்றவருக்கு அந்த ஆள்தான் இல்லை. பணி ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மாக்கள், வாத்தியார்கள், ரயில்வேக்காரர்கள் இந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள். பகல் நேரம் அவர்களிடம் உண்டு, கவுண்டரில் பேசவும் தெரியும்.

உடல்நலத்தில் தன்னார்வலர் கவனிக்க வேண்டிய இரண்டு உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் காசநோய்ச் சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும். பரிசோதனையும் மருந்தும் இலவசம், சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு வரும். இன்னொன்று குடி. பல ஆண்டு குடித்தவரை இல்லத்தில் அடைத்து "இன்றோடு நிறுத்து" என்று சொல்வது ஆபத்து. திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே கேடாகலாம். கை நடுங்க ஆரம்பித்தால் அறிவுரை சொல்லிக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள்.

மனநலம் குன்றித் தெருவில் திரிபவரை நாமே வண்டியில் ஏற்றிவந்து இல்லத்தில் விடக் கூடாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அப்படிப்பட்டவரைப் பாதுகாத்து மருத்துவரிடம் கொண்டுசெல்லும் பொறுப்பு காவல் நிலையத்துடையது. அங்கே தகவல் கொடுத்து, கூடவே போங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567, பெண்களுக்கு 181. குழந்தை தனியாக இருப்பதைக் கண்டால் 1098-ஐ உடனே அழையுங்கள். 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

அடுத்தது தாள் வேலை. ஆதார் இல்லை என்று சொல்பவர்களில் பலருக்கு முன்பே எடுத்திருக்கும், அட்டைதான் தொலைந்திருக்கும். ஆதார் மையத்தில் கைரேகை வைத்துப் பழைய எண்ணைத் தேடச் சொல்லுங்கள். புதிதாகப் பதிந்தால் இரட்டைப் பதிவு என்று தள்ளிவிடும். அங்கீகாரம் பெற்ற இல்லத்தின் பொறுப்பாளர் உரிய படிவத்தில் கொடுக்கும் சான்றை முகவரி ஆதாரமாக ஏற்பார்கள். வாக்காளர் அட்டைக்கு முகவரித் தாள்கூட வேண்டாம். படிவம் 6 கொடுத்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் வந்து அவர் அங்கேதான் படுக்கிறார் என்று ஒரு நாளைக்கு மேல் பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. அட்டைகள் வந்தபின் வங்கிக் கணக்கு, அதன்பின் முதியோர் ஓய்வூதிய மனு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகலாம். ஒருவருக்கு இந்த வரிசை முடிய மாதக்கணக்கில் ஆகும். அதனால் ஒருவரின் தாள் வேலையை ஒரே தன்னார்வலர் கடைசிவரை பார்க்கட்டும்.

முடி வெட்டுவது, நகம் வெட்டுவது, கடிதம் எழுதிக் கொடுப்பது, தாயம் உருட்டுவது, சும்மா பேசிக்கொண்டிருப்பது எல்லாமும் வேலைதான். பெரியவர்களைத் தாத்தா, ஆச்சி, அண்ணாச்சி என்று உறவு வைத்துக் கூப்பிடுங்கள். வயதில் சிறியவரானாலும் 'வா, போ' வேண்டாம்.

கட்டுப்பாடுகளும் உண்டு. கையில் ரொக்கம் கொடுக்கக் கூடாது. "நான் உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்ற மாதிரி வாக்குக் கொடுக்கக் கூடாது. பெண்கள் பகுதிக்குப் பெண் தன்னார்வலர் மட்டும், அதுவும் இருவராக. மருந்தை எடுத்துக் கொடுப்பது இல்லத்துப் பணியாளர் வேலை.

7. போட்டோ

தனித் தலைப்பாக வைத்ததற்குக் காரணம் உண்டு. தட்டை நீட்டும் கையையும் வாங்கும் முகத்தையும் சேர்த்துப் படமெடுத்துப் போடும் வழக்கம் என்னை உண்மையிலேயே வருத்துகிறது. அந்த முகத்தை ஊரில் அவருடைய மகள் பார்க்கலாம், கடன் கொடுத்தவர் பார்க்கலாம், யாரிடமிருந்து தப்பி வந்தாரோ அவரும் பார்க்கலாம். படம் வேண்டுமென்றால் அடுக்கிவைத்த போர்வையையோ கழுவிய கழிப்பறையையோ எடுங்கள். வாசலில் நன்கொடையாளர் பிளக்ஸ் வேண்டாம். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி கேட்டுப் போகும்போதும், பெயர்ப்பலகை கட்டடத்தில் ஒரு மூலையில், ஆட்கள் படம் கிடையாது என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

8. மழையும் வெயிலும்

2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க முடியாது. ஆற்றோரமும் ஜங்ஷன் பகுதியும் தண்ணீரில் நின்றபோது தெருவில் படுத்தவர்கள் எங்கே போயிருப்பார்கள்? ஐப்பசி பிறக்கும் முன் இதையெல்லாம் முடித்துவையுங்கள்: ஆதார், மருத்துவச் சீட்டு எல்லாம் ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறையில், மூன்று நாளைக்கு அவலும் ரொட்டியும் குடிநீரும், சார்ஜ் ஏற்றிய எமர்ஜென்சி விளக்கு, இல்லத்துக்குள் தண்ணீர் வந்தால் மாறுவதற்கு மேட்டில் ஒரு பள்ளிக்கூடமோ மண்டபமோ. சாவி யாரிடம் என்பதுவரை எழுதிவையுங்கள். அடைமழை இரவில் இரண்டு இருசக்கர வண்டியில் பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், ஆஸ்பத்திரி வாசல் சுற்றி, வர விரும்புகிறவர்களை அழைத்து வரலாம். வர மறுப்பவரை வற்புறுத்தாமல் ஒரு தார்ப்பாயும் போர்வையும் கொடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் மண்பானைத் தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும், மொட்டைமாடியில் ஓலைக் கீற்றும் போதும்.

9. வீடு திரும்புவதும் வேலையும்

குடும்பத்தோடு சேர்த்துவைக்க எல்லாருக்கும் அவசரம். முதலில் அவருக்குப் போக விருப்பமா என்று கேளுங்கள். சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு விரட்டிய வீட்டுக்கு மறுபடி அனுப்புவது உதவியாகாது. போக விரும்பும் வடமாநிலத்தவர் என்றால் அவர் மொழி தெரிந்த ஒருவரை, ஓட்டலிலோ கட்டட வேலையிலோ இருப்பவரை, கூட்டி வாருங்கள். அரைமணிப் பேச்சில் ஊர்ப்பெயர் வந்துவிடும். அந்த ஊர்க் காவல் நிலையம் வழியாகக் குடும்பத்தைத் தேடலாம்.

வேலைக்குப் போகத் தெம்புள்ளவருக்கு வாட்ச்மேன் வேலையோ ஓட்டல் வேலையோ பிடித்துக் கொடுப்பது எளிது. முதல் சம்பளம் வரும்வரை உள்ள முப்பது நாள்தான் கடினம். பஸ் காசு, செருப்பு, நல்ல சட்டை, மத்தியானச் சாப்பாடு இவற்றுக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்கிவையுங்கள்.

10. கணக்கும் அடுத்த ஆண்டும்

மாதம் ஒரு பக்கம். வரவு, செலவு, கையிருப்பு, எத்தனை பேர் தங்கினார்கள், எத்தனை பேருக்கு ஆதார் வந்தது. கொடைக் கணக்கு மாதிரியே சுவரில் ஒட்டுங்கள், இல்லத்துச் சுவரிலும்தான். தங்கியிருப்பவர்களும் படிக்கட்டும், கேள்வி கேட்கட்டும். பொருளாளரை ஏப்ரலில் மாற்றுங்கள், சரியாக நடத்தியவரையும் சேர்த்துத்தான்.

ஏப்ரல் கடைசியில் கல்லூரிப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள், ஜூன் நடு வரை வரமாட்டார்கள். வாரப் பட்டியலில் அந்தக் கட்டங்களை நிரப்ப, பணி ஓய்வு பெற்றவர்களிடமும் விடுமுறையில் இருக்கும் பள்ளி ஆசிரியர்களிடமும் பங்குனியிலேயே பேசிவிடுங்கள். அந்த ஆறு வாரத்துக்கு மட்டும் ஆஸ்பத்திரித் துணைக்கு இரண்டு ஆளைக் கூடுதலாகவே எழுதிக்கொள்ளுங்கள். வெயிலில் முதியவர்கள் படுத்துவிடும் மாதங்களும் அவைதான்.